கொப்பியில் எழுதப்படும் நோய்: உளநோய் வகைப்பாடும் ஊவாத் தோட்டங்களும்

பதுளை ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்கு வருகிறவர்கள் கையில் ஒரு கொப்பி இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற அதே கொப்பிதான். அட்டையில் பெயர், கிளினிக் இலக்கம். உள்ளே ஒவ்வொரு வருகைக்கும் சில வரிகள்: மருந்து, அதன் அளவு, அடுத்து வரவேண்டிய திகதி, எங்கோ ஒரு மூலையில் நோயின் பெயர். அந்தப் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில், சுருக்கெழுத்தில் இருக்கும். பசறையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ ஒரு நாள் பேரை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவருக்கு அது என்னவென்று தெரியாது. ஆனால் இனி வரும் பல வருடங்களுக்கு அவர் விழுங்கப்போகும் மாத்திரையையும், வீட்டார் அவரைப் பார்க்கும் விதத்தையும், சிலவேளை அவருடைய கல்யாணத்தையும் தொழிலையும் அந்த ஒரு பெயரே தீர்மானிக்கும்.

அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது? அதை எவ்வளவு நம்பலாம்? மேற்கில் உருவான ஒரு நோய்ப்பட்டியல் ஊவாத் தோட்ட லயத்தில் வாழும் மனுசிக்குப் பொருந்துமா? இவை மருத்துவர்கள் தமக்குள் பேசித் தீர்க்கவேண்டிய கேள்விகள் மட்டுமல்ல. பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மலையகத் தமிழர். அவர்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. உளமருத்துவத்துக்கு வகைப்பாடு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த மருத்துவத்தில் நோயைக் காட்டித்தரும் முதன்மையான கருவி பேச்சு. பேச்சு ஒழுங்காகக் கேட்கப்படாத இடத்தில் மிகச் சிறந்த பட்டியலும் பிழையான பெயரையே எழுதவைக்கும். மலையகத்தில் குறை பட்டியலில் இருப்பதைவிடக் கேட்பதில்தான் அதிகம் இருக்கிறது என்பதே நான் இங்கே நிறுவ விரும்புவது.

பெயர்கள் வந்த வழி

சீனி வருத்தத்துக்கு இரத்தத்தில் சீனி பார்க்கிறார்கள். நெஞ்சு வலிக்கு ஈசிஜி எடுக்கிறார்கள். மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் அப்படி ஒரு சோதனை வழக்கமான சிகிச்சையில் இன்னும் இல்லை. நோயாளி சொல்வது, கூட வந்தவர் சொல்வது, டொக்டர் கண்ணால் காண்பது ஆகிய மூன்றிலிருந்துதான் நோய்ப்பெயர் பிறக்கிறது. கிளினிக்கில் எடுக்கும் இரத்தச் சோதனைகள் பெரும்பாலும் வேறு நோய்களை விலக்குவதற்கு. தைரொயிட் சுரப்பு குறைந்தால் மனச்சோர்வு போலவே மந்தமும் மறதியும் வரும். இரத்தச்சோகை உள்ள பெண்ணுக்கு அசதியும் படபடப்பும் இருக்கும். இவற்றைப் பார்க்காமல் மனநோய் என்று எழுதக்கூடாது என்பது முதல் பாடம்.

பேச்சை நம்பியே நடந்த இந்தத் துறைக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் எமில் கிரேப்பலின். நோய் இன்று எப்படித் தெரிகிறது என்பதோடு நிற்காமல், வருடக்கணக்கில் அது எந்தப் போக்கில் போகிறது என்றும் அவர் பார்த்தார். 1899இல் வெளிவந்த தமது பாடநூலின் ஆறாம் பதிப்பில் பெரும் மனநோய்களை இரண்டாகப் பிரித்தார். இளவயதில் தொடங்கி ஆளைப் படிப்படியாகக் குலைப்பது ஒன்று. வந்து போய், இடைக்காலத்தில் ஆளைத் தெளிவாக விட்டுவைப்பது மற்றொன்று. முதலாவதற்கு சுவிஸ் மருத்துவர் ப்ளொய்லர் 1908இல் ஸ்கிட்சோஃப்ரீனியா என்று பெயரிட்டார். அதைத்தான் மனச்சிதைவு என்கிறோம். இரண்டாவதிலிருந்து இன்றைய இருமுனைக் கோளாறு பிரிந்து வந்தது.

1904இல் கிரேப்பலின் ஜாவாத் தீவுக்குப் போய், இன்று போகோர் எனப்படும் ஊரின் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைப் பார்த்தார். ஜாவாவும் நம் மலைநாட்டைப் போல வெள்ளைக்காரத் தோட்டங்கள் நிறைந்த குடியேற்ற நாடு. ஐரோப்பாவில் கண்ட நோய்கள் அங்கும் இருந்தன. ஆனால் தன்னையே பாவியென்று குற்றஞ்சாட்டிக்கொள்ளும் ஆழ்ந்த சோர்வை அவர் அங்கே அரிதாகவே கண்டார். நோய் எங்கும் ஒன்றுதானா, வெளிப்படும் விதம் மட்டும் மாறுகிறதா என்ற விவாதம் அப்போதே தொடங்கிவிட்டது.

அதே காலத்து இலங்கையில் மனநோயை வகைப்படுத்துவது பெருமளவு சட்டத்தின் வேலையாக இருந்தது. 1873ஆம் ஆண்டின் சட்டம், ஒருவரை அடைத்துவைக்கலாமா என்பதைத்தான் முதலில் கேட்டது. 1956இன் திருத்தங்களோடு அது இருபத்தோராம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1920களில் அங்கொடையில் பெரிய ஆஸ்பத்திரி எழும்பியது. ஊவாவிலிருந்து அங்கே அனுப்பப்பட்டவர் எப்போது திரும்பி வருவார் என்று லயத்தில் யாருக்கும் தெரியாது. அங்கொடை என்ற ஊர்ப்பெயர் வசைச்சொல்லாகிப்போனதற்கு அந்த அனுபவம்தான் காரணம். தோட்டத்து மக்கள் இன்றும் மனநலக் கிளினிக்குக்கு வரத் தயங்குவதில் அந்தப் பழைய பயத்துக்கும் பங்குண்டு.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப்பட்டியலின் ஆறாம் திருத்தத்தை 1948இல் ஏற்றபோதுதான் மனநோய்களுக்கு அதில் தனிப்பகுதி கிடைத்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் டிஎஸ்எம் என்ற தன் கையேட்டை 1952இல் வெளியிட்டது. பட்டியல்கள் இருந்தும் டொக்டர்கள் ஒத்துப்போகவில்லை. 1960களின் பிற்பகுதியில் நியூயோர்க், லண்டன் ஆஸ்பத்திரிகளை ஒப்பிட்ட ஆய்வொன்று இதை அம்பலமாக்கியது. நியூயோர்க்கில் மனச்சிதைவு என்று எழுதப்பட்டவர்கள் மிக அதிகம். இரு நகரங்களின் நோயாளிகளையும் ஆய்வாளர்கள் ஒரே முறையில் கேள்வி கேட்டுப் பார்த்தபோது வித்தியாசம் பெருமளவு மறைந்துபோனது. டொக்டர்களின் பழக்கமே நோயின் கணக்கை ஏற்றிக் காட்டியிருந்தது.

இதற்கு மருந்தாக வந்ததுதான் 1980இன் மூன்றாம் டிஎஸ்எம். ரொபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் தயாரான அந்தக் கையேடு, நோய்க்குக் காரணம் என்ன என்ற சண்டையை ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு நோய்க்கும் இத்தனை அறிகுறி, இத்தனை காலம் என்று வரையறை கொடுத்தது. இன்றைய ஐந்தாம் டிஎஸ்எம்மில் பெரும் மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரங்களுக்குத் தொடர்ந்து இருக்கவேண்டும். சோர்ந்த மனநிலை, எதிலும் நாட்டமின்மை இவ்விரண்டில் ஒன்று கட்டாயம். இலங்கையின் அரச ஆஸ்பத்திரிகள் நோய்க் கணக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி பட்டியலைப் பின்பற்றுகின்றன. அதன் பதினோராம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது.

ஒத்துப்போவது வேறு, உண்மை வேறு

இந்தப் பட்டியல்களால் கிடைத்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இளைஞர் ஒருவர் சோர்ந்துபோய் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, வேலைக்குப் போக மனமில்லை. சோர்வுக்கு மருந்து எழுதுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முன்னர் எப்போதாவது பல நாள் தூங்காமலே களைப்பின்றித் திரிந்து, அளவுக்கு மீறிப் பேசி, கையிலிருந்த காசையெல்லாம் செலவழித்த காலம் இருந்ததா? இருந்தால் அவருக்கு இருப்பது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். சோர்வு மருந்தை மட்டும் தனியே கொடுத்தால் அவர் மறு எல்லைக்குத் தூக்கி எறியப்படும் ஆபத்து உண்டு. லித்தியம் போன்ற வேறு மருந்து வேண்டியிருக்கும். இரண்டு சோர்வும் பார்வைக்கு ஒன்றுதான். அவற்றைப் பிரித்துக் காட்டுவது வகைப்பாடு.

ஆனால் டொக்டர்கள் ஒரே பெயரை எழுத ஒத்துக்கொள்வதால் அந்தப் பெயருக்குரிய நோய் ஒன்று தனியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ஒத்துப்போவதுகூட எளிதாக இல்லை. ஐந்தாம் டிஎஸ்எம்முக்காகச் செய்த களச் சோதனைகளில், ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தபோது அவர்கள் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்று அளந்தார்கள். முழு இணக்கத்துக்கு 1, தற்செயலுக்கு 0 என்ற அந்த அளவில், பேரதிர்ச்சிக்குப் பின்னான உளக்கோளாறு 0.67 பெற்றது. பெரும் மனச்சோர்வு பெற்றது 0.28. உலகில் மிக அதிகமாக எழுதப்படும் மனநோய்ப் பெயர்களில் ஒன்றின் நிலை இது. 2013இல் அந்தக் கையேடு வெளிவருவதற்குச் சற்று முன்னர், அமெரிக்க அரசின் மனநல ஆய்வு நிறுவனத் தலைவர் தொமஸ் இன்செல், அறிகுறிக் கூட்டங்களை வைத்துப் பிரித்த இந்த வகைகளைவிட்டு ஆய்வு வேறு வழியில் போகவேண்டும் என்று அறிவித்தார். மாற்றுப் பட்டியல் ஒன்றும் இன்னும் கிளினிக் வரை வந்துசேரவில்லை.

இன்னொரு கோணமும் உண்டு. 1960களின் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் ஆக்ரா, இபாதான், கொலம்பியாவின் காலி, லண்டன், மொஸ்கோ உள்ளிட்ட ஒன்பது மையங்களில் மனச்சிதைவைப் பற்றி ஆய்வு தொடங்கியது. ஒரே முறையில் கேட்டால் நோயை எல்லா இடத்திலும் இனங்காணலாம் என்று தெரிந்தது. சில வருடங்கள் கழித்துப் பார்த்தபோது இந்தியாவின் ஆக்ராவிலும் நைஜீரியாவின் இபாதானிலும் இருந்தவர்களின் நிலை செல்வ நாட்டு நோயாளிகளைவிட மேலாக இருந்தது. அதற்கான காரணங்களைப் பற்றிய வாதம் ஓயவில்லை. ஆனால் ஒன்று உறுதி. நோய்ப்பெயர் ஒன்றானாலும் நோயாளியின் வாழ்வு ஒன்றல்ல. குடும்பம், வேலை, ஊர் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன.

லயத்தில் சொல்லப்படும் வருத்தம்

தோட்டத்து மனுசி ஒருவர் டொக்டரிடம் வந்து எனக்கு மனச்சோர்வு என்று சொல்வதில்லை. தலை எரியுது, நெஞ்சு படபடங்குது, உடம்பெல்லாம் வலி, கை கால் ஓயுது, பெருமூச்சா வருது, யோசனை கூட என்பார். மலையில் நாள் முழுவதும் கொழுந்துக் கூடையைச் சுமப்பவரின் உடம்பு வலி யாருக்கும் புதுமையாகத் தெரியாது. தோட்ட மருந்துக்கடையில் வலிக் குளிகை கொடுத்து அனுப்புவார்கள். மறுவாரமும் அவர் அதே வருத்தத்தோடு வருவார். உடம்பின் மொழியில் வந்த மனவருத்தம் இப்படி வருடக்கணக்கில் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் போகும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. கிளினிக்கில் டொக்டர் சிங்களம் பேசுபவர், நோயாளி தமிழ் மட்டும் தெரிந்தவர், இடையில் நின்று சொல்பவர் ஆஸ்பத்திரிச் சிற்றூழியரோ கூட வந்த மகளோ. பக்கத்தில் ஆள் இல்லாதபோது சத்தம் கேட்குமா என்று கேள்வி போகிறது. கேக்குமுங்க என்று பதில் வருகிறது. இல்லாத குரலைக் கேட்பது மனச்சிதைவின் முக்கிய அறிகுறி. ஆனால் லயக் காம்பராக்களை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு, வரிசையாகக் குடும்பங்கள். பக்கத்துக் காம்பராவின் சண்டையும் அழுகையும் தொலைக்காட்சியும் இரவு முழுக்கக் கேட்கும். அந்த மனுசி சொன்னது அதைத்தான். யாருடைய குரல், என்ன சொல்லும், காதுக்குள்ளா வெளியிலா, ஆள் நடமாட்டமில்லாத மலையில் நிற்கும்போதும் கேட்குமா என்று அடுத்தடுத்துக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கியிருக்கும். கேட்காவிட்டால் தவறான ஒரு நோய்ப்பெயரும், அதற்குரிய கடும் மருந்தும் கொப்பியில் ஏறிவிடலாம்.

மகளை மொழிபெயர்க்கவைப்பதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. புருசன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்பதையும், சாகவேண்டும்போல் இருக்கிறது என்பதையும் ஒரு தாய் தன் பிள்ளையின் வாய்வழியாகச் சொல்லமாட்டாள். சொல்லப்படாதது பட்டியலில் வராது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. மற்ற அலுவலகங்களில் மொழி இல்லாவிட்டால் வேலை தாமதமாகும். மனநலக் கிளினிக்கில் மொழி இல்லாவிட்டால் பரிசோதனையே நடக்கவில்லை என்றுதான் பொருள்.

சாமியும் கறுப்பும்

தோட்டத்தில் ஒருவர் தன்நிலை மறந்து கத்தினால் முதலில் அழைக்கப்படுபவர் கோடாங்கி. உடுக்கை அடித்துக் குறி பார்த்து, கறுப்பு அண்டியிருக்கிறது, செய்வினை இருக்கிறது என்று அவர் சொல்வார். அதுவும் ஒரு வகைப்பாடுதான். யார் பாதிக்கப்பட்டார், எதனால், என்ன பரிகாரம் என்ற மூன்றுக்கும் அதில் விடை உண்டு. குடும்பத்துக்கு விளங்கும் மொழியில், குடும்பம் முழுவதையும் உட்காரவைத்துக்கொண்டு சொல்லப்படுகிறது. மக்கள் ஏன் அங்கே முதலில் போகிறார்கள் என்பது இதிலிருந்தே தெரியும்.

நவீன வகைப்பாடு இந்த உலகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நோய் என்று தள்ளிவிடவில்லை. ஐசிடியின் பதினோராம் பதிப்பில் ஆவேச நிலைக்குத் தனி இடம் இருக்கிறது. ஆனால் அது தன்னிச்சையின்றி, விரும்பாமல் வந்து, ஆளைத் துன்புறுத்தி, அன்றாட வாழ்வைக் குலைக்கவேண்டும். ஊர் ஏற்றுக்கொண்ட சமய வழக்கத்தின் பகுதியாக வருவது நோயாகாது. மாரியம்மன் திருவிழாவில் கரகம் பாலிக்கும்போது சாமி வந்து ஆடி, திருநீறு வாங்கியதும் தெளிந்து, மறுநாள் மலைக்குப் போகிறவர் நோயாளி அல்ல. திருவிழாவும் இல்லாமல் கோயிலும் இல்லாமல் ஒரு பெண்பிள்ளைக்கு வாரந்தோறும் இப்படி வந்து, பள்ளிக்கூடமும் நின்றுபோனால் அவளிடம் தனியே, பொறுமையாகப் பேசவேண்டும். வலிப்பு நோயா என்றும் பார்க்கவேண்டும்.

உயிராபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. தவறணைச் சாராயத்தையும் கசிப்பையும் வருடக்கணக்கில் தினமும் குடித்த ஒருவர் கால் முறிந்து வார்டில் படுக்கிறார். குடி நிற்கிறது. இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பாம்பு ஊர்வதாகக் கத்துகிறார். வீட்டார் பேய் என்று நினைத்துத் துண்டு வெட்டி அழைத்துப்போகப் பார்ப்பார்கள். குடி நிறுத்தத்தால் வரும் சித்தப்பிரமை அது. மருந்து உண்டு. மருந்தில்லாவிட்டால் ஆளைக் கொல்லவும் கூடும். சரியான பெயர் உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மீரியபெத்தைக்குப் பிறகு

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. உயிர்தப்பிய குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுங்காலம் தங்கவைக்கப்பட்டன. அந்த மலைச்சரிவு ஆபத்தானது என்று நிபுணர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள்.

பேரதிர்ச்சிக் கோளாறு என்ற பெயரைப் பொருத்திப் பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு இல்லை. நடந்தது கண்முன் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, ஓயாத விழிப்பு ஆகிய மூன்றையும் ஐசிடி கேட்கிறது. ஆனால் மழை இருட்டினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஒரு தாய், இன்னும் சரிவான மலையடியில்தான் குடியிருக்கிறாள் என்றால், அந்த விழிப்பை நோய் என்று எழுத முடியுமா? ஆபத்து முடிந்த பின்னும் உடம்பு அதை நம்ப மறுப்பதே இந்தக் கோளாறு. ஆபத்து முடியாத இடத்தில் அவள் பயம் நியாயமான பயம். அவளுக்கு முதலில் தேவை பாதுகாப்பான காணியும் வீடும்.

துக்கத்தின் கணக்கும் அப்படியே. நெடுந்துயர்க் கோளாறு என்ற புதுப் பெயருக்கு ஐசிடி ஆறு மாதமும், டிஎஸ்எம்மின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வளர்ந்தவர்களுக்கு ஒரு வருடமும் எல்லை வைத்திருக்கின்றன. இரண்டுமே பண்பாட்டு வழக்கத்தையும் பார்க்கச் சொல்கின்றன. உடலே கிடைக்காமல், கருமாதியும் மனம் ஆறச் செய்யாமல் இருப்பவருக்கு எந்த நாளிலிருந்து மாதத்தை எண்ணுவது? 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையர்களிடம் ஆய்வு செய்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ, பாதிக்கப்பட்டவர்கள் தம் துன்பத்தைக் குடும்பத்தோடும் ஊரோடும் உள்ள உறவின் முறிவாகவே விவரித்தார்கள் என்று காட்டினார். போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த தயா சோமசுந்தரமும், ஒரு சமூகமே சேர்ந்து அடையும் காயத்தைத் தனியாளின் நோய்ப்பெயர் அடக்காது என்று தொடர்ந்து எழுதியவர். மீரியபெத்தைக்கு அந்தப் பாடம் அப்படியே பொருந்தும்.

பெயர் எட்டாத துயரம்

1985இல் மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர ஒரு கேள்வியை எழுப்பினார். மேலைநாட்டு நூல்கள் மனச்சோர்வு என வரையறுக்கும் நம்பிக்கையின்மையும் வெறுமையும், இலங்கைப் பௌத்தர் ஒருவருக்கு உலகின் நிலையாமையை உணர்ந்த ஞானமாக இருக்கலாமே என்றார். அமெரிக்க உளமருத்துவர் ஆர்தர் கிளைன்மன், ஒரு பண்பாட்டின் நோய்வகையை இன்னொன்றின் மீது அப்படியே வைத்துவிட்டு அங்கும் அதே நோய் இருக்கிறது என்று முடிவுகட்டும் பிழையை 1970களிலேயே சுட்டிக்காட்டினார். இந்த விமர்சனங்களை மதிக்கிறேன். ஆனால் தோட்டத்துத் துன்பத்தைப் பண்பாடு என்று சொல்லி விட்டுவிடுவதும் ஒரு வகைக் கைவிடல். குழந்தை பெற்ற சில வாரங்களில் பிள்ளையைத் தூக்கவே மனமின்றி அழுதுகொண்டிருக்கும் இளம் தாய்க்கு ஞானம் வந்துவிடவில்லை. அவளுக்கு வந்திருப்பது குணப்படுத்தக்கூடிய நோய்.

அதே சமயம் எல்லாத் துயரத்துக்கும் நோய்ப்பெயர் தேடுவதும் வழி அல்ல. 1995இல் இலங்கையில் லட்சத்துக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. அதன்பின் அது பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்குப் பெரிய காரணம் மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை 1995 முதல் படிப்படியாகத் தடைசெய்தது. இறந்தவர்களில் பலர் நெடுநாள் மனநோயாளிகள் அல்லர். ஒரு சண்டையின் சூட்டில், ஒரு கணத்தின் ஆத்திரத்தில் முடிவெடுத்தவர்கள். நோய்ப்பட்டியல் எட்டாத இடத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு உயிர் காத்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998இல் நீக்கப்பட்டதும் மக்கள் பயமின்றி ஆஸ்பத்திரிக்கு வர வழிவிட்டது. இன்று மனம் நொந்தவர் எவரும் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

செய்யவேண்டியவை

2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை, சேவையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்கும் ஊர்களுக்கும் கொண்டுபோகச் சொன்னது. ஊவாவில் அந்த வேலையை முடிக்க நான்கு காரியங்கள் வேண்டும்.

முதலாவது, தமிழில் கேட்கத் தெரிந்தவர்கள். பதுளைக் கிளினிக்கிலும் பண்டாரவளை, பசறை, லுணுகலைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருப்பது சலுகை ஆகாது. அது எக்ஸ்றே இயந்திரத்துக்கு நிகரான பரிசோதனைத் தேவை. மலையகப் பிள்ளைகள் உளமருத்துவத் தாதியராகவும் உளவள ஆலோசகராகவும் வரும்வரை இந்த இடைவெளியை வேறு எதுவும் நிரப்பாது.

இரண்டாவது, தோட்டத்திலேயே முதல் கேள்வியைக் கேட்கும் ஆட்கள். தோட்ட மருத்துவ உதவியாளர், மருத்துவமாது, பிள்ளை மடுவத்துப் பொறுப்பாளர் ஆகியோருக்கு உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட எளிய வழிகாட்டி போதும். தூக்கமும் சாப்பாடும் போய் இரண்டு வாரமாகிறதா, வேலைக்குப் போக முடிகிறதா, சாவைப் பற்றி நினைக்கிறாயா என்று கேட்கத் தெரிந்தால் யாரைப் பதுளைக்கு அனுப்பவேண்டும் என்பது தெரிந்துவிடும். பிரசவித்த தாய்மாருக்கு எடின்பரோ வினாக்கொத்தின் பத்துக் கேள்விகள் உண்டு. அதில் வரும் மதிப்பெண் நோய்ப்பெயர் ஆகாது, மேலும் பேசவேண்டும் என்ற அறிவிப்பு மட்டுமே.

மூன்றாவது, கொப்பியில் நோய்ப்பெயருக்குப் பக்கத்தில் நோயாளியின் கதையும் ஏறவேண்டும். ஐந்தாம் டிஎஸ்எம்மே இதற்காகப் பதினாறு கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணலைத் தந்திருக்கிறது. உங்கள் வருத்தத்தை ஊரில் என்னவென்று சொல்வார்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், முன்பு யாரிடம் போனீர்கள் என்பவை அவற்றுள் சில. கோடாங்கியிடம் போனதைத் திட்டு வாங்காமல் சொல்ல முடிகிற கிளினிக்கில்தான் மற்ற உண்மைகளும் வெளிவரும்.

நான்காவது, நோய்ப்பெயரை நோயாளிக்குத் தமிழில் சொல்லவேண்டும். எழுதிய பெயர் கல்லில் வெட்டியது அல்ல. முதல் வருகையில் சோர்வு என்று எழுதியது இரண்டு வருடம் கழித்து இருமுனைக் கோளாறு என்று மாறலாம், நோய் இல்லை என்றும் மாறலாம். தன் நோய் என்னவென்று தெரிந்தவரால்தான் இது எனக்குப் பொருந்தவில்லை என்று சொல்ல முடியும்.

உலகப் பட்டியல்களைத் திருத்தும் வேலை ஜெனீவாவிலும் வொஷிங்டனிலும் நடக்கும். அங்கே நமக்கு அதிகக் குரல் இல்லை. ஆனால் ஒரு தொழிலாளியை உட்காரவைத்து, அவர் மொழியில் அரை மணிநேரம் கேட்பது பதுளையிலேயே முடிவாகக்கூடிய காரியம். மாகாண சுகாதார நிர்வாகமும் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சம்பளத்தையும் வீட்டையும் பற்றிப் பேசும் மேசையில் இதையும் வைக்கவேண்டும். கேட்காமல் எழுதிய நோய்ப்பெயருக்கு மருத்துவ மதிப்பு இல்லை என்பதை அங்கே உரத்துச் சொல்லவேண்டிய பொறுப்பு நமக்குண்டு.